கடைசி மிதி

போன மாதம் அரியலூரில் மெக்கானிக்குகள் ஒன்றுகூடி ஒரு விழா வைத்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் காற்றுப் பிரேக் வந்துவிட்ட காலம் இது. விரலால் அழுத்துகிற மாதிரி அழுத்தினால் போதும், வண்டி நின்றுவிடுகிறது. ஒரு இளவட்டம் எழுந்து, "ஐயா, உங்க காலத்துல பிரேக் வேலையில பெரிய ஆளுன்னா யாருங்க?" என்று கேட்டான். "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ, அங்க காபி வந்துடுச்சு பாரு" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

விடை தெரியாமல் இல்லை. அந்தப் பெயரை மேடையில் என் வாயால் சொல்லி, அதற்கு நாலு பேர் கைதட்டுவதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ரஜாக் பாய் பேரைச் சொன்னா உங்க வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்றாள். இந்த வயதிலும் அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்தில் சொன்னால் கைதட்டல் காதில் விழாது.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை இரண்டு வரியில் அடங்கிவிடும். அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் ஒர்க்ஷாப். அங்கே சாமான் கழுவினேன், திட்டு வாங்கினேன், ஸ்பானர் பிடித்தேன், ஒருநாள் மெக்கானிக் ஆகிவிட்டேன். முதலாளிக்குச் சொந்தமாக நாலைந்து பஸ் ஓடியது. சுற்றுவட்டாரத்து மிராசுதார்களின் கார்களும் எங்களிடம்தான் வரும். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்களுக்கெல்லாம் பின்னால் கரியடுப்பைக் கட்டி, கரிப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குத் தலைவர் சவரிமுத்து மேஸ்திரி. அதிர்ந்து பேசமாட்டார். கையை நீட்டுவார், எந்தச் சாமான் வேண்டும் என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பான ஸ்பானரைக் கொடுத்தால் திட்டமாட்டார், அதைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும். வேலை பிடித்திருந்தால் இடுப்பிலிருக்கும் வெற்றிலைப் பையை எடுத்து நம் பக்கம் நீட்டுவார். அவரிடம் பாராட்டு என்று இருந்தது அது ஒன்றுதான்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்த வண்டிக்கு யார் வேலை பார்த்தாலும், கடைசியில் மேஸ்திரி ஏறி உட்கார்ந்து சாலைக்கு ஓட்டிப் போவார். கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஒரே மிதியாகப் பிரேக்கை மிதிப்பார். வண்டி புழுதியில் இழுத்துக்கொண்டு நிற்கும். இறங்கி, செருப்பில்லாத காலோடு, சக்கரம் இழுத்த கோட்டின் மேலேயே பின்பக்கமாக நடந்து வருவார். இரண்டு கோடும் ஒரே நீளமா, ஒரே ஆழமா என்பதை அவர் உள்ளங்காலே சொல்லிவிடும். எச்சிலைத் துப்பிவிட்டு, "போகலாம்" என்பார். அந்த வார்த்தை வராமல் எந்த வண்டியும் கொட்டகையை விட்டுப் போகாது. அதன் பிறகு வழியில் ஏதாவது ஆனால், ரிப்பேர் செய்தவனை யாரும் கேட்கக்கூடாது. "போகலாம்" என்று சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசி மிதி என்று நாங்கள் அதைச் சொல்வோம்.

மேஸ்திரிக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியது. கிளட்சை மிதித்தால் முகம் சுருங்கிப் போகும். "இனிமே வேற ஒருத்தன்தான் மிதிக்கணும்" என்று ஒருநாள் பொதுவாகச் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை, நான்தானே என்று இருந்தேன். கொட்டகையில் அவருக்கு அடுத்தபடி பழைய ஆள் நான். அதனால் சம்பளம் கூடப்போவதில்லை, வேறு எதுவும் கூடப்போவதில்லை. ஆனால் அந்த "போகலாம்" என்ற வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் ரஜாக் வந்தான். பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் லப்பைக்குடிக்காட்டுக்காரன். பினாங்கில் பெரிய மோட்டார்க் கம்பெனியில் வேலை பார்த்தவன், லீவில் ஊருக்கு வந்திருந்தபோது சண்டை முற்றிக் கப்பல் நின்றுவிட்டது. திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் கொட்டகையில் வந்து சேர்ந்தான். எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். கழற்றிய நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் அடுக்கி வைப்பான். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தாலும் அவன் கைலியில் கறை இருக்காது. வேலை செய்துகொண்டே மெதுவாகச் சீட்டியடிப்பான், அதுவும் சுருதி தப்பாமல். வந்த சில மாதத்திலேயே மேஸ்திரியின் வெற்றிலைப் பை அவன் பக்கம் நீள ஆரம்பித்தது. அவனோ வெற்றிலையே போடுவதில்லை. சிரித்துக்கொண்டே, "வேணாங்க மேஸ்திரி" என்பான். போடாதவனுக்கு நீளுகிற பை, போடுகிற என் பக்கம் திரும்பாது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

"அந்த பாய் இன்னைக்கு என்ன பண்ணாரு?" என்று என் மனைவி சாப்பாடு போடும்போதே கேட்டுவிடுவாள். "நான் கேக்காட்டாலும் அதைத்தானே சொல்லப் போறீங்க."

இந்த நிலைமையில்தான் பெரம்பலூர் சாலையிலிருந்த ஒரு ஊரின் மிராசுதார் தம் காரைக் கொண்டுவந்தார். பழங்காலத்துக் கார். சக்கரத்துக்கு ஆரக்கால்கள் மரத்தில். பிரேக் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான், அதுவும் இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக். எண்ணெய்ப் பிரேக்கெல்லாம் அந்தக் காருக்குத் தெரியாது. ஓட்டுகிறவர் மாயவன். அதே பண்ணையில் வெகுகாலம் மாட்டு வண்டி ஓட்டியவர், மிராசுதார் கார் வாங்கியதும் அதை ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

"என்ன மேஸ்திரி இது, ஒருநா காலையில நல்லா நிக்குது, மறுநா நிக்க மாட்டேங்குது. முறைக்காய்ச்சல் வந்த மாதிரியில்ல இருக்கு!" என்றார் மிராசுதார். "நேத்து தேர்க்கொட்டகையில போயி முட்டியிருக்கு. காருக்குள்ள எங்க வீட்டம்மா உக்காந்திருந்தாங்க. ஏதோ கொட்டகை ஓலையோட போச்சு. உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க, திருச்சிக்கு அனுப்பிடுறேன்."

மேஸ்திரி ரஜாக்கைப் பார்த்துத் தலையசைத்தார். என்னை இல்லை.

பிரேக் பலவீனமாக இருந்தால் முதலில் எதைப் பார்ப்போம்? பின் ஆக்சிலிலிருந்து எண்ணெய் கசிந்து, பிரேக் பட்டையின் மேலிருக்கும் லைனிங்கில் ஏறியிருக்கிறதா என்று. ரஜாக் சக்கரத்தைக் கழற்றினான். எண்ணெய் இல்லை. லைனிங் தேய்ந்திருக்கிறதா? இல்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கிறதா? அதுவும் இல்லை. இருந்தாலும் அரத்தால் லேசாக உரசிவிட்டான். அந்த லைனிங் அழுத்திப் பிடிக்கிற டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவி, விரலைப் பார்த்தான். "துருண்ணே. மழையே இல்லாத மாசத்துல துரு எங்கேருந்து வந்துச்சு?" என்றான். "பழைய வண்டின்னா துரு இருக்காதா பாய்?" என்றேன் நான். பிறகு சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் கட்டையைக் கொடுத்துப் பெடலைப் பாதி அமுக்கி நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்து, இரண்டும் ஒரே இறுக்கமாக வரும்வரை கம்பியைத் திருகினான். குறை சொல்ல முடியாத வேலை. மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி மிதி மிதித்தார். இரண்டு கோடும் அளவெடுத்த மாதிரி இருந்தன. "போகலாம்" என்றார்.

சில நாளில் கார் திரும்பி வந்தது. அதே புகார். கொட்டகையில் மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடித்தது. ரஜாக் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினான். மறுபடியும் வந்தது. அன்று எனக்கு ஒரு பிடி சோறு கூடவே இறங்கியது.

"கோயிந்தா, நீ பாரு" என்றார் மேஸ்திரி. நான் கம்பியை இன்னும் இறுக்கிக் கொடுத்தேன். அது டிரம்மை உரசி, தீயும் வாசனையோடு திரும்பி வந்தது. பிரேக்கோ, ஒருநாள் விட்டு ஒருநாள் பிடிக்காமல்தான் இருந்ததாம். மேஸ்திரி என் ஸ்பானரை வாங்கித் தரையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் அதுலயே ஏறி ஊருக்குப் போங்க. வண்டி அதும் வூட்டுல எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

போய்ச் சேரும்போது பொழுது சாயும் நேரம். வழியில் மிதித்த மிதிக்கெல்லாம் வண்டி ஒழுங்காக நின்றது. மிராசுதாரை வீட்டில் இறக்கிவிட்டு, மாயவன் காரை ஏரிப் பக்கம் திருப்பினார். ரஜாக் ஏரிக்கரையில் இறங்கிக் கைகால் கழுவிவிட்டு, துண்டை விரித்து மக்ரிபு தொழ நின்றான். நான் மாயவனோடு இருந்தேன். அவர் காரைப் பின்பக்கமாக ஓட்டி, மெதுவாக ஏரித் தண்ணீருக்குள் இறக்கினார். பின்சக்கரம் இரண்டும், ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்குடம் முழுகும்வரை உள்ளே போயின. எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, திருப்தியாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது?" என்றேன்.

"தண்ணி காட்டுறேங்க. வெயில்ல கட்டை காஞ்சு ஆரக்காலு கழண்டுக்குமில்ல? வண்டிச் சக்கரத்துக்குக் காலங்காலமா பண்றதுதானுங்க. நேத்து முன்சக்கரத்தை உட்டேன், இன்னைக்குப் பின்சக்கரம். விடிஞ்சுதான் எடுப்பேன்."

ஒருநாள் முன்சக்கரம், ஒருநாள் பின்சக்கரம். பின்சக்கரம் ஊறிய மறுநாள் காலையில் டிரம்முக்குள் தண்ணீர், லைனிங் ஊறிப்போய்ப் பிடிக்காது. அரியலூர் வந்து சேர்வதற்குள் மிதித்து மிதித்துக் காய்ந்துவிடும். துருவும் அங்கேயிருந்துதான். மொத்தமும் என் கையில் வந்துவிட்டது. அதுவும் ரஜாக்குக்கு முன்னால்!

சொல்லலாம் என்று ஓடினால் அவன் தொழுதுகொண்டிருக்கிறான். நடுவில் கூப்பிட முடியுமா? அவன் குனிந்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் சலாம் கொடுத்து, கையேந்தி, துண்டை மடிக்கும்வரை நான் கரையில் கால் மாற்றி மாற்றி நின்றேன். அவ்வளவு நீண்ட தொழுகையை நான் பார்த்ததில்லை.

சொன்னேன். அவன் ஒரு நொடி ஏரியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், என் தோளில் ஓங்கித் தட்டினான். "சபாஷ்ணே! எனக்கு ஆயுசுக்கும் தோணியிருக்காது." அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு துளி எரிச்சல்கூட இல்லை. அதுவே எனக்குப் பாதிச் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் காரை எடுத்து மிதித்துப் பார்த்தோம். வண்டி அது பாட்டுக்கு நழுவிக்கொண்டு போனது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே போனதும் பிடிக்கத் தொடங்கியது. சந்தேகமே இல்லை.

"இது மாட்டு வண்டி இல்லைய்யா, மோட்டாரு. இனிமே தண்ணிப் பக்கமே போகக்கூடாது" என்று மாயவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"கட்டை காஞ்சிடுமேங்க" என்றார் அவர் தயக்கமாக.

"சொன்னதைக் கேளுங்க."

கொட்டகையில் மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இடுப்புக்குக் கை போனது. வெற்றிலைப் பை என் பக்கம் நீண்டது. "கொஞ்ச நா தண்ணியில உடாம ஓட்டட்டும். அப்புறம் ஒரு தடவை கொண்டாரச் சொல்லு. நம்ம பங்குக்கு மிதிச்சுப் பாத்து அனுப்பணுமில்ல" என்றவர், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "மிதி நீ மிதி" என்றார்.

அன்று போகும் வழியில் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். "காலு ரெண்டும் தரையில இல்லையே, கடைசி மிதி எப்படி மிதிப்பீங்க?" என்று அவள் சிரித்தாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நாளில் மாயவன் காரைக் கொண்டுவந்தார். மிராசுதாரும் கூட வந்திருந்தார். "காய்ச்சல் உட்டுடுச்சுய்யா" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் மரத்தூள் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஏறினேன். சாலையில் வேகம் எடுத்து ஒரே மிதி. கார் நட்டு வைத்த மாதிரி நின்றது. இறங்கினேன். வெறுங்காலோடு, சூடு பொறுக்காமல், கோட்டின் மேல் நடந்து வந்தேன். இரண்டு கோடும் ஒரே அளவு. மேஸ்திரி மாதிரியே எச்சிலைத் துப்பினேன். மிராசுதார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

ரஜாக் பின்சக்கரத்துக்கு அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆரக்காலாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். சத்தம் கணீரென்று வரவில்லை. பொத்துப் பொத்தென்று வந்தது.

"பாய், பிரேக்குக்கும் ஆரக்காலுக்கும் என்ன இருக்கு?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னொரு வாட்டி, மெதுவா போயி ஒரு மிதி மிதிங்க." கீழே கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து, நடுக்குடத்திலிருந்து ஆரக்கால் வழியாக வெளி வட்டம்வரை நேராக ஒரு கோடு இழுத்தான்.

மிதித்தேன். இறங்கி வந்து பார்த்தேன். கோடு உடைந்திருந்தது. குடம் நின்ற இடத்தில் நின்றிருக்க, வெளி வட்டம் ஒரு விரற்கடை தாண்டிப் போயிருந்தது.

"பிரேக்கு புடிக்கிறது டிரம்மைத்தான். டிரம்மு நடுக்குடத்தோட இருக்கு. வண்டியோட பாரத்தை நிறுத்துறது இந்தக் கட்டைங்கதான்" என்றான் ரஜாக், மேஸ்திரியைப் பார்த்து. "முன்னெல்லாம் கட்டை ஊறி இறுக்கமா இருந்துச்சு, பிரேக்கு புடிக்கல. இப்ப பிரேக்கு நல்லா புடிக்குது, கட்டை காஞ்சு கெடக்கு. பாரம் ஏத்தி, வேகத்துல நாலு மிதி மிதிச்சா சக்கரமே முறிஞ்சுடும்."

"அன்னைக்கே சொன்னேனுங்களே, கட்டை காஞ்சிடும்னு" என்றார் மாயவன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். "நீ பிரேக்கைப் பாத்தே, சரியாத்தான் பாத்தே. பாய் சக்கரத்தையும் சேத்துப் பாத்துட்டாரு" என்றார். பிறகு நிமிர்ந்து, "இனிமே மிதி பாய் மிதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சக்கரங்களை ஆசாரியிடம் அனுப்பி, ஆரக்கால்களுக்கு ஆப்பு அடித்து, எண்ணெயில் ஊறவைத்து வாங்கிப் பூட்டினோம். தண்ணீரும் வேண்டியதில்லை, கட்டையும் கழலாது. மிராசுதாரிடம் ரஜாக், "அண்ணன்தாங்க நோயைக் கண்டுபுடிச்சாரு" என்று வலியப் போய்ச் சொன்னான். அதை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அவனை வெறுப்பதாவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சண்டை முடியும்வரை அவன் காலடியில்தான் என் வேலையெல்லாம் போய் வந்தது. நான் செய்த வண்டியை அவன் மிதிப்பான், நடப்பான், "போகலாம்ணே" என்பான். எனக்காக அந்த 'ணே'யைச் சேர்த்துக்கொள்வான். அவன் உள்ளே போனதும், யாரும் பார்க்காத நேரத்தில், நான் ஒரு தடவை ஏறி மிதித்துப் பார்ப்பேன். அவன் பார்த்த ஒரு வண்டியைக்கூட நான் அப்படியே விட்டதில்லை. ஒரு தடவையாவது தப்பியிருக்கமாட்டானா என்று இருக்கும். தப்பவே இல்லை, பாவி.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் பினாங்கிலிருந்து அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் புறப்படுகிற அன்று காலையில்தான் மேஸ்திரி என்னிடம், "இனிமே நீ மிதி" என்றார். நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட வார்த்தை. வேறு ஆள் இல்லாததால் வந்தது.

முதல் வண்டி, பெரம்பலூர் போகும் காலை பஸ். முந்தின நாள் அதற்குப் பிரேக் போட்டதும் நான்தான். அதே பஸ்ஸில்தான் ரஜாக்கும் ஊருக்குப் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போக வேண்டும். நான் ஏறி மிதித்தேன். நடந்து பார்த்தேன். கோடு சரியாக இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை மிதித்தேன். அதற்கும் வரவில்லை. ஆரக்கால் இல்லாத சக்கரத்தைக் குனிந்து குனிந்து பார்த்தேன். உள்ளே ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரஜாக் தலையை வெளியே நீட்டினான். இறங்கி வருவான், ஒரு தடவை அவனும் மிதித்துப் பார்ப்பான் என்று நினைத்தேன். இறங்கட்டும் என்றே இருந்தது எனக்கு.

"என்னண்ணே, போகலாமா?" என்றான்.

"போகலாம்" என்றேன்.

"அப்ப வரேண்ணே. இன்ஷா அல்லா பாப்போம்" என்று கையைத் தூக்கிக் காட்டினான். பஸ் நகர்வதற்குள்ளேயே ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பெரம்பலூரில் இறங்கும்வரை அந்தப் பிரேக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். வேறொருவன் பார்த்த பிரேக்கை நம்பி நான் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. அவன் மூடினான், அதுவும் என் பிரேக்கை நம்பி. மற்றதையெல்லாம் வேண்டுமானால் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். இதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.